ஜைனப் மாமியின் புளியங்கொட்டைகள்

பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் கண்ணயர்ந்ததும், மருத்துவச்சி ஜைனப் மாமி மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுப்பாள். தாய்க்கு இரத்தம் அதிகம் போயிருந்தால், அந்த வீட்டு வெற்றிலைப் பெட்டியிலேயே சுண்ணாம்பைத் தொட்டு அதில் ஒரு பொட்டு வைப்பாள். பிறகு பையிலிருந்து இரண்டு சிகரெட் டப்பாக்கள் வெளியே வரும். ஒன்றில் கறுப்பு நூல் கட்டியிருக்கும். தாய்க்குப் பழைய தழும்பு இருந்தால் கொட்டை நூல் டப்பாவுக்குள் போகும், இல்லையென்றால் மற்றதில். "எளுதப் படிக்கத் தெரியாதவளுக்கு இதுதாம்மா புஸ்தகம்" என்பாள்.

ஐம்பத்திரண்டு வயதிலும் கன்னத்தில் பர்மாக்காரிகளின் தானாக்காச் சாந்து பூசாமல் படி இறங்க மாட்டாள். ரிக்‌ஷா ஏறச் சொன்னால், "என் காலு என்ன, வாடகைக் காலா?" என்று கேட்டுவிட்டு ரங்கூனின் பசுந்தாங்கிலிருந்து தாமுவே வரை நடப்பாள். பின்கட்டில் நின்று சுருட்டுப் பிடிப்பதை யாரும் பார்க்கவில்லை என்பது அவளுடைய நம்பிக்கை. தெருவே பார்த்திருக்கிறது.

தழும்பின் கதை இதுதான். கடற்கரைச் சீமையிலிருந்து ரங்கூன் வந்த சில வீடுகளில், பெண் குழந்தைக்கும் நாற்பதாம் நாள் சுன்னத்துச் செய்வார்கள். அடுத்த வீட்டில் அதே தொழுகை, அதே நோன்பு, ஆனால் இந்தப் பேச்சே கிடையாது. செய்கிற வீடுகளுக்கு இருபத்தைந்து வருஷம் கத்தி பிடித்தவள் ஜைனப். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு தலைப்பிரசவத்தில் பழைய தழும்பு கிழிந்து இரத்தம் நிற்கவேயில்லை. பெண் பிழைத்தது பெரும்பாடு. கை கழுவும்போதுதான் நினைவு வந்தது. "வேற யாருமில்ல. நாந்தான் அவளுக்குச் செஞ்சேன்" என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்றோடு கத்தியை விட்டாள், பொய்யைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்து, "முடிஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு வருவாள். என்ன சாமர்த்தியம்! ஆனால் ஊர் வேறு கணக்குப் போட்டது. ஜைனப் கை பட்டால் குழந்தைக்குக் காய்ச்சல்கூட வராது என்று பேச்சுப் பரவி, வேண்டாமென்றிருந்த வீடுகளும் தட்டு வைத்து அழைத்தன. ஒருநாள் அவள் ஊரில் இல்லாதபோது வேறொருத்தி செய்து, குழந்தை ஏழு நாள் காய்ச்சலில் கிடந்தது. அப்போதும் வழக்கத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஜைனப் கை இல்லாததுதான் கோளாறாம்.

போன வெள்ளிக்கிழமை அரிசிக்கடை பீர் முகைதீன் வீட்டில் நாற்பது. மருமகள் லத்தீபாவின் மடியில் பெண் குழந்தை. மாமியார் நூர் பீவி தட்டில் தேங்காய், அரிசி, புதுச் சவரக்கத்தி எல்லாம் வைத்திருந்தாள். தலைமுடி இறக்கவும் அதே கத்திதான், மற்றதற்கும் அதே கத்திதான். நான்கு வயதான மூத்த பேத்தி பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குச் செஞ்சாப்புல செய்யி ஜைனப்பு. எப்புடி இருக்கா பாரு!" என்று பேத்தியைக் காட்டினாள் நூர் பீவி.

உண்மையைச் சொன்னால் இனி எந்தக் கதவும் ஜைனப்புக்குத் திறக்காமல் போகலாம். அது தெரிந்தேதான் சொன்னாள்.

"இவளுக்கு நான் செய்யவே இல்ல லாத்தா. அது மஞ்சத் தண்ணி."

நூர் பீவியின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. ஜைனப் இரண்டு டப்பாவையும் பாயில் கொட்டினாள். நூல் டப்பாவின் குவியலில் மூன்றுக்கு ஒன்று வெள்ளைப் பொட்டு. மற்றக் குவியலில் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா இரண்டு தடவை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்ட கொட்டைகள் அவை. நூல் டப்பாக் குவியலிலிருந்து, பொட்டு இன்னும் மங்காத ஒன்றைப் பொறுக்கி நூர் பீவியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது லத்தீபா. நாப்பது நாளைக்கு முன்னால, ரத்தம் நின்னதும் சுண்ணாம்பு கேட்டேன். எதுக்குன்னு கேக்காம நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க."

அந்த இரவு நூர் பீவிக்கு மறக்கவில்லை. மருமகளைப் பார்த்தாள். லத்தீபா தலை நிமிரவில்லை. குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பொய் சொல்லியிருக்கே எங்கிட்ட," என்றாள் நூர் பீவி.

"ஆமா. இனிமே சொல்ல மாட்டேன்."

நூர் பீவி எழுந்தாள். லத்தீபாவிடமிருந்து குழந்தையை வாங்கி, துணியை இடுப்பைச் சுற்றி நன்றாக இழுத்து மூடி, ஜைனப்பின் மடியில் கிடத்தினாள். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

ஜைனப் கத்தியை எடுத்தாள். கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்துக் குழந்தையின் உச்சந்தலையைத் தடவிக் கொடுத்து, பிஸ்மில்லா சொல்லி முதல் முடியை இறக்கினாள்.