ஓசெல்லா சட்டசபையில் சொன்ன சாட்சி

ஓசெல்லா டப்ஸ் மாதிரி வெள்ளந்தியான பொம்பளையை நான் பார்த்ததே இல்லை. பாராட்டாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். எங்கள் ஹார்லன் ஃபெரி மெயின் ரோட்டில், மீன் வறுக்கிற கடைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது அவளுடைய பின்னல் கடை. நான் ஃப்ளோரின். அங்கே தலை அலசிவிடுவதும் சவுரி பிரித்துக் கொடுப்பதும் என் வேலை.

எங்கள் கறுப்பு ஜனங்களின் முடியைத் தலையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னுவது சும்மா இல்லை. காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும். மத்தியானம் வறுத்த மீனும் இனிப்பு டீயும் மடியில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும். ஓசெல்லா கை வைத்தால் சின்னப் பிள்ளைகூட அழாது. இதையெல்லாம் அவளுக்கு அவள் அத்தை பெர்னீஸ் வருஷக்கணக்கில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். வகிடு கோணினால் விரலில் சீப்பாலேயே ஒன்று போடுவாளாம்.

கடையில் தலைக்கு இந்தப் பக்கம் ஓசெல்லா நின்றால் அந்தப் பக்கம் ரோனெட்டா கெயின்ஸ் நிற்பாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே சர்ச், பாட்டுக்குழுவிலும் பக்கத்துப் பக்கத்து இடம். ஓசெல்லாவுக்குக் கை, ரோனெட்டாவுக்கு வாய் என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

அந்தக் காலத்தில் எங்கள் மாநிலத்துச் சட்டம் எப்படி என்றால், ஒருத்தர் தலையில் காசுக்குக் கை வைக்க வேண்டுமானால் அழகுக்கலை லைசென்ஸ் வேண்டும். அதற்கு ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பள்ளியில் உட்கார வேண்டும். அங்கே முடி வெட்டச் சொல்லித் தருவார்கள், சாயம் போட, சுருட்ட, நகம் தீட்டச் சொல்லித் தருவார்கள். பின்னல் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. லைசென்ஸ் பார்க்க வருகிற இன்ஸ்பெக்டர் வண்டி தெருமுனையில் தெரிந்தால் பாதிப் பின்னலோடு ஆட்களைப் பின்கட்டுக்கு ஓட்டுவோம். மானங்கெட்ட பிழைப்பு.

ரோனெட்டாதான் ஒருநாள், தலைநகருக்குப் போய் நேராகக் கேட்போம், சட்டத்தை மாற்றச் சொல்வோம் என்றாள். சட்டசபைக் கமிட்டி முன்னால் யாராவது பேச வேண்டும். ஓசெல்லாவைத்தான் பேசச் சொன்னாள். என்ன பேசுவது என்று ஓசெல்லா அவளை நச்சரித்தாள்.

"சர்ச்சுல சாட்சி சொல்லுவேல்ல, அதே மாதிரி சொல்லு. அங்க இருக்கிறவங்களும் மனுஷங்கதானே" என்றாள் ரோனெட்டா.

எங்கள் சர்ச்சில் சாட்சி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. எந்தக் குழியிலிருந்து ஆண்டவர் தூக்கினார் என்று சொல்லும்போது, அந்தக் குழி ஆழமாக இருக்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒருநாள் பீர் குடித்த சர்ச் மூப்பர் டீக்கன் எழுந்து நின்று, சாராயத்தில் நீந்தினேன் என்பார். ஒன்றுமே தெரியாத பாவி என்பாள் ஊருக்கே கணக்கு சொல்லித்தருகிற டீச்சர். நாங்களும் ஆமென், ஆமென் என்று கை தட்டுவோம். அது பொய்யில் சேராது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். பெருமை எல்லாம் ஆண்டவருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஓசெல்லா அப்படியே செய்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு போய், கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால், எனக்கு ஒருநாளும் ஒருத்தரும் சொல்லித் தரவில்லை, ஆண்டவர்தான் என் விரலுக்குச் சொல்லித் தந்தார் என்றாள். ஆரம்பத்தில் ஒரு பச்சைக் குழந்தைக்கு இறுக்கிப் பின்னி, நெற்றியோர முடி அத்தனையும் கொட்டிவிட்டது, அப்படிப்பட்ட கையை அவர் இப்படி ஆக்கினார் என்றாள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட எனக்கே சிரிப்பு. நிஜத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வரிசை கொஞ்சம் இறுகி நாலு முடி உதிர்ந்தது, மறுநாளே அவிழ்த்துவிட்டாள், ஈஸ்டருக்குள் முடி பழையபடி வந்துவிட்டது. அந்தப் பிள்ளை இன்றைக்கும் எங்களிடம்தான் பின்னிக்கொள்கிறது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஆமென் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்கள்.

எப்படியோ சட்டம் மாறியது. பின்னுகிறவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு ஓசெல்லா கடையில் நாங்கள் ஆடிய ஆட்டத்தில் மீன்கடைக்காரர் வந்து சுவரைத் தட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். லைசென்ஸ் கொடுக்கிற அழகுக்கலை போர்டில் பின்னுகிறவர்கள் சார்பாக ஓர் ஆள் வேண்டும் என்று ரோனெட்டாவைக் கூப்பிட்டார்கள். ரோனெட்டா போனாள். பேச்சு மாறியது, நடை மாறியது. எங்கள் கடைக்கு எதிர்சாரியிலேயே பின்னல் பயிற்சிப் பள்ளி என்று ஒன்று திறந்தாள். திறப்பு விழாவில் ஓசெல்லா ரிப்பன் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள்.

கொஞ்ச நாளில் சட்டம் திரும்பவும் மாறியது. இனிமேல் பின்னலுக்கென்று தனி லைசென்ஸ், அதற்கு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி. எங்கள் பக்கத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளி எது என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? பழைய ஆட்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. அனுபவசாலி ஒருவரிடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும், வாடிக்கையாளருக்குத் தீங்கு எதுவும் நேர்ந்திருக்கக் கூடாது. போர்டு முன்னால் வந்து அதைச் சொன்னால் பள்ளிக்குப் போகாமலே லைசென்ஸ் தருவார்கள்.

கமிட்டி முன்னால் இவள் சொன்ன சாட்சி எனக்கு ஞாபகம் வந்தது. ஓசெல்லாவுக்கு ஒரு கவலையும் இல்லை. "அங்க நம்ம ரோனெட்டால்ல உக்காந்திருக்கா" என்றாள். அதற்கு முந்தின வாரம்தான் ரோனெட்டா எங்கள் கடைக்கு வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டு போனாள். போர்டு பற்றி மூச்சே விடவில்லை.

நான்தான் தலைநகருக்குக் காரோட்டிக்கொண்டு போனேன். உயரமான மேஜைக்குப் பின்னால், ஓசெல்லா பின்னிய தலையோடு ரோனெட்டா உட்கார்ந்திருந்தாள். ஓசெல்லா அத்தை பெர்னீஸைப் பற்றி ஆரம்பித்தாள். ரோனெட்டா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"மிஸஸ் டப்ஸ், உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரலன்னு இதே ஊர்ல, கமிட்டி முன்னாடி சொன்னீங்களா?"

பிறந்ததிலிருந்து ஓசெல்லாவை மிஸஸ் டப்ஸ் என்று கூப்பிட்டதில்லை ரோனெட்டா. ஓசெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னேன். அது சர்ச்சுல சொல்ற மாதிரி. நீதானே ரோனெட்டா அப்படிச் சொல்லச் சொன்னே."

"ஒரு குழந்தைக்கு முடி கொட்டினதாவும் சொன்னீங்க. சொன்னீங்களா, இல்லையா?"

மேஜையில் இருந்த மற்ற போர்டு மெம்பர்கள் மூன்று பேரும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்கள். சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். அவளுக்கு அது வராது. சொன்னேன் என்றாள். சலுகை கிடையாது, லைசென்ஸ் வாங்கும் வரை ஒரு தலையையும் தொடக்கூடாது, தொட்டால் கடைக்குப் பூட்டு என்று ரோனெட்டா வாசித்தாள். குரல்கூடத் தடுமாறவில்லை பாவிக்கு. ஓசெல்லா கையை எடுத்துவிட்டால் அவளிடம் வருகிற சனம் முழுக்க எதிர்சாரிக்குப் போகும். ஓசெல்லாவே பள்ளிக்குப் போக வேண்டும் என்றால், அவளைப் பார்த்து ஊரில் இருக்கிற அத்தனை பெண்களும் அங்கே போய்ச் சேருவார்கள். இது புரிய எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

ஓசெல்லாவுக்குத்தான் புரியவில்லை. கார் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். ரோனெட்டா மறந்திருப்பாளாம். மற்றவர்கள் இருக்கும்போது வேறு மாதிரி கேட்க முடியாதாம். ஒருவேளை அந்தக் குழந்தை விஷயத்தை நிஜம் என்றே நம்பியிருப்பாளாம், நாம்தான் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டுமாம். எனக்கு எரிந்துகொண்டு வந்தது. கைப்பையில் கார்ச் சாவியைத் தேடினேன்.

கார்க் கதவைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். ரோனெட்டா ஓடி வந்து ஓசெல்லாவைக் கட்டிக்கொண்டாள். இப்போது பழைய ரோனெட்டா.

"மனசுல வச்சுக்காதடி. போர்டுன்னா அப்படித்தான். என் ஸ்கூல்ல சேந்துடு, நான் பாத்துக்கறேன். அப்புறம், அடுத்த மாசம் என் மக கல்யாணம்ல, அவளுக்கும் எனக்கும் நீதான் பின்னணும். வீட்டுக்கே வந்துடு. யாருக்குத் தெரியப்போவுது?"

ஓசெல்லா அவள் கையிலிருந்து விலகி நின்றாள்.

"என்கிட்ட பின்னிக்கிட்டா முடி கொட்டிடும்னு இப்பத்தானே அவங்ககிட்ட சொன்னே. உன் மவளுக்கு என்னைக் கூப்பிடறே?"

ரோனெட்டா சிரித்தாள். செல்லமாக இவள் தோளில் ஒரு தட்டு வேறு தட்டினாள்.

"அடி போடி. அது சர்ச்சுப் பேச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் போய்விட்டாள். ஓசெல்லா காரில் ஏறாமல் அங்கேயே நின்றாள். மறந்திருப்பாள், நம்பியிருப்பாள் என்று அதுவரை பிடித்துக்கொண்டு வந்த எதுவும் இப்போது அவளிடம் இல்லை. அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தேன். அழவில்லை.

"ஃப்ளோரின், அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.