வெள்ளித் தண்ணி

திருநகர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல கழிவுநீர்த் தொட்டியைப் பாத்துக்கிறது என் வேலை. குடியிருக்கிறதும் அங்கேயேதான். மோட்டார் காத்து ஊத ஊத, தொட்டிக்குள்ள இருக்கிற கிருமிங்க அழுக்கைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கும். அதுகளை நான் பிள்ளைகன்னுதான் சொல்லுவேன். காலையில ஒரு ஜாடியில மொண்டு வச்சா, அரை மணி நேரத்துல சேறு அடியில படிஞ்சு மேல தண்ணி தெளிஞ்சு நிக்கணும்.

குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் வீட்டு வளைகாப்பு நெருங்கவும், தொட்டி நாறுதுன்னு ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்திரும். நேரா கடைக்குப் போயி நாத்தத்துக்கு மருந்து கேட்டேன். நானோ வெள்ளித் தண்ணின்னு ஒரு கேன் குடுத்தாங்க. வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத அம்புட்டுப் பொடியாக்கிக் கலந்திருக்காம். பச்சப்புள்ளைக்கே வெள்ளிப் பாலாடையிலதான புகட்டுறோம், அது என்ன செஞ்சிரப் போகுதுன்னு பாதிக் கேனை ஊத்திட்டேன். நாத்தம் அடங்குச்சு, வளைகாப்பும் நல்லா நடந்துச்சு.

நாலே நாள்ல ஜாடித் தண்ணி கலங்கி நின்னுச்சு. தொட்டி மேல வெள்ளை நுரை. என் பிள்ளைக செத்துக்கிட்டு இருக்குன்னு புரிஞ்சு போச்சு.

எனக்குச் சந்தேகம் கீழ்வீட்டு அக்கா மேல. அவுக இட்லி மாவு அரைச்சு வித்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைக்கிறாக. தினமும் சாயங்காலம் அவுக அடுப்படியிலதான் எனக்கு டீ, வாங்குற மாவுலயும் ஒரு கரண்டி கூட. அதே அடுப்படிக்குள்ள விறுவிறுன்னு போயி, மக நிக்கிறான்னும் பாக்காம சிங்க்ல குனிஞ்சு மோந்து பாத்தேன்.

"கிரைண்டர் கழுவ என்னத்தை ஊத்துறீங்க? ஆசிட்டா?"

"வெந்நிதாம்மா ஊத்துறேன்."

நான் நம்பல. சங்கத்துல சொன்னேன். மாவு அரைக்கக் கூடாதுன்னு அவுகளுக்கு உத்தரவு போட்டாங்க.

புதுப் பிள்ளைக பெருகட்டும்னு அலங்காநல்லூர்ல இருந்து சாணி கொண்டாந்து, வெல்லத்தோட கரைச்சு ஊத்தினேன். தொட்டி மெல்ல உயிர் பிடிச்சுச்சு. "நான் சொல்லல?"ன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். சாணி வாடைக்கு மறுபடியும் முணுமுணுப்பு வர, மிச்சக் கேனையும் கவுத்தேன்.

நாலு நாள். மறுபடியும் கலங்கல், நுரை. கீழ கிரைண்டர் சத்தம் கேட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அப்ப மாவுத் தண்ணி காரணமில்ல. கேனை எடுத்து அன்னைக்குத்தான் படிச்சேன்: கிருமிகளை அடியோடு அழிக்கும். அடிப்பாவி! வேதியியல் படிச்சவ நான்.

யாருக்கும் தெரியாது. கேனைப் பழைய சாமான்காரர்கிட்டப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். மனசு கேக்கல. சங்கத்துல போயி உள்ளதைச் சொன்னேன். அப்புறம் கேனோட அக்கா வாசல்ல நின்னு, "தப்பு என் மேலதான்க்கா"ன்னு அழுதேன்.

அக்கா கேனை வாங்கி ஓரமா வச்சாக. "மாவு அரைக்காததுகூடப் பரவால்லம்மா. மக முன்னாடி என் சிங்க்கை மோந்து பாத்த பாரு, அதான்."

தொட்டி தேறிருச்சு. கீழ கிரைண்டரும் ஓடுது. சாயங்காலம் போனா எனக்கும் மாவு உண்டு. எப்பவும் போல ஒரு கரண்டி கூடவே ஊத்துறாக. ஆனா வாசல்ல வச்சுத்தான் குடுக்குறாக.