அம்மா அடுக்களைக்குப் போன நேரம்

பள்ளிக் கமிட்டியில் என் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கியபோது யாரோ ஃபிளாஸ்கைத் திறந்தார்கள். காப்பி மணத்தில், நாற்பதுகளில் ஸ்ரீவராகம் தெருவில் நாங்கள் இருந்த வீட்டின் கூடம் கண்முன் வந்துவிட்டது.

எங்கள் தெருப் பள்ளியின் கமிட்டி அங்கேதான் கூடும். வாத்தியார் வேலையை விட்டு உறுப்பினரான அம்மா ஒருத்திதான் அதில் பெண். பெண்களுக்கு ஆறாம் வகுப்பு கேட்டு அவள் மனுவை எடுத்தாலே தலைவர், "முதல்ல ஒரு வாய் காப்பி கிடைக்குமோ?" என்பார். டம்ளர்களோடு அவள் திரும்புவதற்குள் விஷயத்தை முடித்துவிடுவார்கள்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்னு ஏகமனதா தீர்மானம் ஆயாச்சு, கேட்டேளா!"

"நான் அடுக்களையில இருக்கறச்சே ஏகமனதா எப்படி?"

"காப்பி பேஷ்!" என்றார் தலைவர்.

ஐந்தாவது முடித்திருந்த நான் அந்த வருஷம் முழுக்க அந்த டம்ளர்களைத்தான் கழுவினேன்.

"மாமி, காப்பியை ஊத்தலாமோ?" என்றது இன்றைய தலைவரின் குரல்.

தீர்மானத்தை மேஜையில் வைத்துவிட்டு நான் ஏற்கெனவே காப்பி ஊற்ற எழுந்திருந்தேன்.