டார்க் ரெஞ்சும் கடைசி இழுப்பும்

என் வீட்டுக்காரருக்குத் தோல் மண்டி. உப்புப் போட்ட ஆட்டுத் தோல்களை அடுக்கிக் கயிற்றால் கட்டுவதில் ஒரு முறை உண்டு. முடிச்சுப் போட்ட பிறகும், கட்டின்மேல் காலை ஊன்றி இன்னொரு இழுப்பு இழுப்பார்கள். உப்பு தெறிக்கும் என்பதால் அப்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். அந்த இழுப்பு இல்லாவிட்டால் கட்டு லாரியிலேயே அவிழ்ந்துவிடுமாம். மனிதர் இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் மூடிய பாட்டிலை ஒருநாளும் என்னால் திறக்க முடிந்ததில்லை.

1960களின் தொடக்கத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஆத்தூர் அணைக்குக் கூட்டிப்போவார். வீடு நிறைய ஆட்கள் இருந்த குடும்பம் எங்களுடையது. அவரோடு நான் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்தச் சாலையில்தான். அதனால் வண்டிமேல் அவரைவிட எனக்குத்தான் ஆசை.

ரிப்பேர் எல்லாம் அவரே பார்ப்பார். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் போல்ட்டுக்கும் அந்தக் கடைசி இழுப்பு. ஒவ்வொரு தடவையும் சிலிண்டரில் ஏதாவது ஒரு துளையின் மரை போகும். மெக்கானிக்கும் சலிக்காமல் புது மரை போட்டுக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் அவருக்கே பொறுமை போய்விட்டது.

"இன்னொரு மரை போச்சுன்னா சிலிண்டர் அம்புட்டுதான் பாய். வேற கிடைக்காது. வண்டிய எடைக்குத்தான் போடணும். எம்புட்டு இறுக்குறோம்னு காட்டுற டார்க் ரெஞ்சுன்னு ஒண்ணு இருக்கு, அத வாங்கிப் பூட்டுங்க."

எடைக்குப் போடுவதா? எனக்கு வந்ததே கோபம். மறுநாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நானும் அவரோடு ரெஞ்சு விற்கிற கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

கடைக்காரர் இரண்டு ரெஞ்சுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் வேண்டிய அளவைத் திருகி வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் டக்கென்று சத்தம் கேட்கும். மற்றதில் ஒரு முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். மேசையில் மாட்டியிருந்த ஒரு போல்ட்டை முறுக்கிப் பார்க்கச் சொன்னார். இவர் முறுக்கினார். டக். உடனே இன்னொரு இழுப்பு.

"பாய், சத்தம் கேட்டா நிறுத்திரணும்."

"கேட்டுச்சு. அதான் கடைசியா ஒண்ணு இழுத்தேன்."

சரி, முள் வைத்ததைப் பாருங்கள் என்றார் கடைக்காரர். இவர் மேசைக் காலில் பாதத்தை ஊன்றினார், கண்ணை இறுக மூடினார், இழுத்தார். முள் எங்கே போனதென்று அவரைத் தவிர எல்லோரும் பார்த்தோம். சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"எதுவும் ஒங்களுக்கு ஆகாது பாய்" என்றார் கடைக்காரர்.

கடையில் பெண்கள் வாய் திறக்கிற வழக்கமில்லை. ஆனாலும் நான் சொன்னேன்: "முள்ளு வச்சதையே குடுங்க. முள்ள நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் பூட்டினோம். அவர் கண்ணை மூடி இழுக்க, நான் எதிரே குத்தவைத்து, மெக்கானிக் சொன்ன எண்ணை முள் தொட்டதும் "போதும்" என்பேன். கை நின்றுவிடும். கடைசி போல்ட்டில் மட்டும் நிற்கவில்லை. முள் அந்த எண்ணைத் தாண்டப் பார்த்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போதுமா புள்ள? மனசு ஆறலையே."

"ஆறாட்டிப் போகுது. விடுங்க."

விட்டார். மண்டியில் யார் சொல்லியும் கேட்காத மனிதர்.

அந்த வெள்ளிக்கிழமை ஆத்தூர் போய் இறங்கியதும், குனிந்து எஞ்சினைத் தடவிப் பார்த்தார். எங்கும் கசியவில்லை. "இனிமே நீ இல்லாம இதுல ஒரு போல்ட்டக்கூட முறுக்க மாட்டேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தேன். பிள்ளையைப் பார்க்க வந்தவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டி எங்கே என்றேன். ஹெட்டைக் கழற்றி மாசம் ஒன்றாகிறதாம். மண்டிக்கும் பள்ளிவாசலுக்கும் நடந்துதான் போகிறாராம்.

"பூட்ட வேண்டியதுதானே?"

"நீ வா" என்றார்.