கிராஃபீனுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொரி கடலையோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. கணபதி சந்தையில் பேரம் பேசி வாழைக்கன்று வாங்கி, பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவருபவளே நான்தான். என் கழுத்தில் சிலுவை இருப்பது அந்த வருடம் வரை அங்கே யாருக்கும் உறுத்தியதில்லை.

கோவையில் ஒரு தனியார் கல்லூரி. முனைவர் பட்டத்துக்காக நான் செய்துகொண்டிருந்தது துளைகள் நிறைந்த கிராஃபீன். பார்க்கக் கருப்புப் பஞ்சு மாதிரி இருக்கும். நிக்கல் நுரையை ஃபர்னஸ் என்கிற சூட்டு உலையில் வைத்து மெத்தேன் வாயுவை விட்டால் அதன்மேல் மெல்லிய கரி படியும். பிறகு நிக்கலை அமிலத்தில் கரைத்துவிட்டால் கரி மட்டும் நுரையின் வடிவத்தில் நிற்கும். ஒருவகைச் சூரிய மின்கலத்தில் விலை அதிகமான பிளாட்டினத்துக்குப் பதிலாக இதை மின்முனையாக வைக்கலாம். கலத்துக்குள் ஊற்றும் திரவம் ஒவ்வொரு துளையிலும் புகுந்துவிடும், அதுதான் இதன் மகிமை. தொல்லையும் அதேதான். எது பட்டாலும் குடித்துவிடும், அழுத்தித் தொட்டால் பொடியாகிவிடும்.

பல மாதங்கள் பொடியாக்கித் தள்ளிய பிறகு ஒரு தொகுதி முழுசாக வந்தது. அதை அளந்து பார்க்க வெளியூர் ஆய்வகம் ஒன்றில் நேரமும் கிடைத்திருந்தது. என் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. ஈரம் படாமல் கண்ணாடி ஜாடிக்குள் மூடிவைத்து, திறக்காதீர்கள் என்று மேலே எழுதி ஒட்டிவிட்டு, பூஜைக்குப் பொரி வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஜாடி திறந்திருந்தது. என் நெறியாளர் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"லேபுலயே ஒசத்தியானது இதுதானுங்க. இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் துண்டு அவர் விரல் பட்டதுமே நொறுங்கியிருக்கிறது. மற்றவற்றின் மேல் பக்குவமாக மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார். ஒரு சொட்டுகூட மேலே நிற்கவில்லை. எது பட்டாலும் குடித்துவிடும் என்று எனக்குப் பாடம் நடத்தியதே இந்த மனுஷன்தான்.

"என்ன சார் பண்ணிப்போட்டீங்க! எல்லாம் போச்சுங்களே!" என்று கத்திவிட்டேன். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு என் கழுத்தைப் பார்த்தார்கள்.

நெறியாளர் குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங்க அம்மணி, உங்களுக்கு இதெல்லாம் ஆகாதுங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா உங்களோடத விட்டிருப்பமுங்களே."

துளை, ஈரம், அசுத்தம் என்று நான் என்னென்னவோ சொன்னேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. மறுவாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க" என்றார். என் மனசு யாருக்கு வேண்டும்? "துண்டுகளைக் கெடுத்துப்போட்டனுங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கடைசிவரை சொல்லவில்லை. வெளியூரில் கிடைத்த நேரம் வேறு யாருக்கோ போனது. நான் மறுபடி நிக்கல் நுரையை வெட்ட உட்கார்ந்தேன். அவர் தினமும் மரியாதையாக "சாப்ட்டீங்களா" என்று கேட்பார், நான் மரியாதையாக "ஆச்சுங்க சார்" என்பேன். அந்த மரியாதை மாதிரி எரிச்சலூட்டும் ஒன்றை நான் பார்த்ததில்லை.

அடுத்த வருட பூஜையில் ஃபர்னஸுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்துக்கும் பொட்டு. என் மேஜையை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டிலிருந்து சந்தனத்தை வழித்து, எல்லோரும் பார்க்க, என் மேஜைக் காலில் நானே அப்பினேன். பொரி சாப்பிட்டோம்.

கை கழுவிவிட்டு வந்தால் மேஜைக்கால் ஈரமாகப் பளபளத்தது. கூடப் படிக்கும் பெண் ஒருத்தி துணியோடு கீழே குனிந்திருந்தாள்.

"கோவத்துல வெச்சுட்டீங்கன்னு தெரியுமுங்க அக்கா. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு நானே தொடச்சுட்டேனுங்க" என்றாள்.

அவள் முகத்தில் கள்ளமே இல்லை. ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. "ரொம்ப நன்றிங்க" என்றேன்.