கூடார வாசலில் பனி

தொண்ணூறுகளில், ரொறன்ரோவில் மில்லிக்கனில் வீடு வாங்கிய பிறகு நானும் கணவரும் போன முதல் பெரிய பயணம் நேபாளத்து மலைநடை. வழிகாட்டியும் சமையல்காரரும் கூட வர, பள்ளத்தாக்குகளையும் ஊர்களையும் தாண்டி நடந்து, இரவில் கூடாரத்தில் தூங்குவோம். பனி கொட்டினால் கணவாயைக் கடக்க முடியாது, திரும்பத்தான் வேண்டும் என்று வழிகாட்டி ஒரு மாலை சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியும்போது வெளியே யாரோ "பனி, பனி" என்று கூப்பிடுவது கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. ஸ்னோ கொட்டிப்போட்டுது."

கணவர் மில்லிக்கனில் வீட்டு வாசலில் பனி வழித்துப் பழகியவர் அல்லவா. சப்பாத்தை மாட்டி, பனி அள்ளும் ஷவலுக்குப் பதிலாகச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடாரத்தைத் திறந்தார்.

புல்லெல்லாம் வெயில். சமையல்காரர் ஆவி பறக்கும் பாத்திரத்தோடு நின்றார். நாங்கள் முகம் கழுவச் சுடுதண்ணீர். அவருடைய மொழியில் தண்ணீருக்குப் பெயர் 'பானி'. அரைத்தூக்கத்தில் என் காதுக்கு அது பனி. நீட்டிய தட்டைப் பார்த்தவர், பாவம் பசி என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து அதில் வைத்தார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடாரங்களும் விழித்துக்கொண்டன. அன்றே கணவாயைக் கடந்தோம்.

வீடு திரும்பியபின், அந்த மார்கழியில் ஒருநாள் காலை, கணவர் கட்டிலருகே வந்து எழுப்பினார்.

"எழும்புமப்பா. பனி."

"எந்தப் பனி?"

"ரெண்டும்தான்."

ஜன்னலுக்கு வெளியே தெருவே வெள்ளையாகக் கிடந்தது. அவர் கையில் தேத்தண்ணி. அதுவரை எங்கள் வீட்டில் தேத்தண்ணியோடு எழுப்புகிற ஆள் நான் மட்டும்தான்.