கறுப்புக் குடையனின் அடுத்த முகம்

காலை ஏழு பத்துக்கு அலோர் காஜா பேருந்து நிலையக் கடையில் முதலில் கண்ணில் பட்டது ‘கறுப்புக் குடையன்’ சித்திரக்கதையின் புதிய இதழ். அதன் மை வாசனை என்னை மணியம் மாமாவின் அச்சகத்துக்கு இழுத்தது. இன்று அங்கே கைப்பேசிக் கடை. அன்று இயந்திரம் தடதடக்க, கயிற்றில் ஈரத் தாள்கள் தொங்கும். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களின் முகங்களை வரைந்து, இதழுக்கு ஒருவராக மாமா குடையனுக்குப் பலி கொடுப்பார். ஒருமுறை, குடைக்கு அடியில் அப்பாவின் முகத்தோடு ஒரு தாள் தொங்கியது.

“அழிச்சிருங்க மாமா.”

“கதைதான்லா பாப்பா! உங்கப்பாவே கெஞ்சிக் கேட்டாரு.”

அதன்பின், பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போன அப்பாவின் சைக்கிள் மணி கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

மாமா இறந்தும் இதழ் நிற்கவில்லை; மகன் வரைகிறான். வாங்கிப் பிரித்தேன். குடைக்கு அடியில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.